விட்டுவிட்ட கருப்பு

கருமாதி வீட்டில் கை ஓங்கிவிட்டார்கள். செத்தவருக்குச் சொத்து கிடையாது, அதனால் சொத்துச் சண்டை இல்லை. கடன் இருந்தது, கடனுக்காக எந்தச் சொந்தமும் சண்டைக்கு வருவதில்லை. ராஜேந்திரன்தான் கொலைகாரன் என்பதை யார் முதலில் கண்டுபிடித்தது என்பதில்தான் சண்டை.

ராஜேந்திரன் எங்களுக்குப் பங்காளியும் அல்ல, பகையாளியும் அல்ல. ‘மர்மதேசம்’ தொடரின் ‘விடாது கருப்பு’ பாகத்தில் சேத்தன் ஏற்ற வேடம். தொண்ணூறுகளின் கடைசியில் சன் டிவியில் வந்தது. நாகா இயக்கினார், கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள் தயாரித்தது. இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டுவிடு கருப்பா’ நாவல்தான் மூலம். 2024 நவம்பரில் அவர் மதுரையில் காலமான செய்தி வந்தது. அன்று தொடங்கி எங்கள் அடுக்குமாடியில் எல்லார் கைப்பேசியிலும் மறுபடி குதிரைக் குளம்புச் சத்தம். மலேசியாவில், ரந்தாவ் பக்கத்து மலிவுவிலை வீடுகள் இவை. ஐந்து மாடி, லிஃப்ட் கிடையாது. சுவர் எவ்வளவு மெல்லிசு என்றால் மூன்றாம் மாடியில் விழும் பிணத்துக்கு நான்காம் மாடியில் ‘ஐயோ’ என்பார்கள்.

“மூணாவது வாரத்துலயே சொன்னேன். அந்தப் பையன் கண்ணப் பாருங்கன்னு சொன்னேனா இல்லையா?” என்றார் லாரி ஓட்டும் அண்ணன்.

“நீங்க அப்ப பூசாரியச் சொன்னீங்க, அண்ணே. நான் சாட்சி. நம்ம பழைய லயத்து வீட்டுல, கரண்டு போன அன்னிக்கு” என்றார் எதிரில் இருந்தவர்.

தேதி, நேரம், சாட்சி, கரண்டு போன விவரம். சிரம்பான் உயர் நீதிமன்றத்தில்கூட இவ்வளவு துல்லியமான வாக்குமூலம் பதிவாகியிருக்குமா தெரியாது. சுவரில் மாலையோடு தொங்கிய பெரியவர் நாற்பது வருடம் ரப்பர்ப் பால் வெட்டியவர். சாகும்வரை சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்தவர். பிறந்த நாட்டில் ‘நிரந்தரமாகத் தங்க’ அனுமதி பெற்ற விருந்தாளி. அவர் எப்படிச் செத்தார் என்று அந்தக் கூடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அதில் மர்மம் இல்லையாம். “சக்கர. கால எடுத்தாங்க. அப்புறம் போயிட்டாரு.” மூன்று வாக்கியத்தில் கதை முடிந்தது. ராஜேந்திரனுக்கு மட்டும் முப்பது வருடமாக இரங்கற்கூட்டம்.

*

தொடரைப் பார்க்காத பாவிகளுக்காக ஒரு சுருக்கம். முடிவைச் சொல்லிவிட்டேன் என்று யாரும் அடிக்க வரவேண்டாம். கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் காப்பாற்ற வேண்டிய ரகசியம் என்றால் அதை அரசாங்க ரகசியச் சட்டத்தில் சேர்த்திருப்பார்கள்.

ஒரு கிராமம். எல்லையில் கருப்புசாமி. ஊரில் எவன் தப்புச் செய்தாலும் இரவில் வெள்ளைக் குதிரை வரும், காலையில் பிணம் கிடக்கும். கருப்பு தண்டித்துவிட்டார் என்று ஊர் கையெடுத்துக் கும்பிடும். கடைசியில்தான் தெரிகிறது, சிறுவயதுக் காயம் ஒன்றால் ஒரே உடம்புக்குள் இரண்டு ஆள் ஆகிப்போனவன், தன்னையறியாமல் கருப்பாக மாறிக் கொன்றிருக்கிறான். அந்தக் கிராமத்தின் பெயர் தோட்டக்காரமங்கலம்.

பெயரைக் கவனியுங்கள். நாங்கள் தோட்டக்காரர்கள். சிலியாவ், லாபு, லிங்கி, பகாவ் என்று நெகிரி செம்பிலானின் ரப்பர்க் காட்டுக்குள் பிறந்து, ரப்பர் போய்ச் செம்பனை வந்ததையும், செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்ததையும் பார்த்தவர்கள். எங்களுக்கும் எல்லையில் ஒரு கருப்பர் உண்டு. ஆகவே இந்தத் தொடர் எங்களுக்காகவே எடுக்கப்பட்டது என்று நம்பினோம். தோட்டத்துக்குள் வாடகை நாடா வந்த நாட்களில், டெக் வைத்திருந்தவர் வீட்டுக்கு லயமே போய் உட்கார்ந்தது. காலைப் பெரட்டில் மண்டோர் பெயர் கூப்பிட்டு முடிப்பதற்குள், எந்தக் கொலை யார் செய்தது என்று இரண்டு கட்சி கட்டிவிடுவார்கள். நிரையில் மரம் வெட்டிக்கொண்டே கேள்வி கேட்பார்கள், ஒட்டுப்பால் பொறுக்கிக்கொண்டே பதில் சொல்வார்கள். அந்தக் கூர்மை, அந்த ஞாபகசக்தி, அந்த விடாப்பிடி! ஒரு துளி வீணாகவில்லை. முழுவதும் சன் டிவிக்கே போனது.

எல்லாக் கூட்டத்திலும் நாவல் படித்தவர் ஒருவர் இருப்பார். எங்கள் கூட்டத்தில் அவர் பெயர் ‘மூலம்’ மாமா. ஆஸ்பத்திரி சம்பந்தமான பெயர் அல்ல. யார் எந்தக் காட்சியைப் புகழ்ந்தாலும், “மூலத்துல அப்படி இல்ல” என்பார். நாவலை அவர் ஒருவர்தான் படித்திருந்தார். தோட்டக் கமிட்டியில் எழுத்து வேலை பார்த்தவர். மலாயும் படிப்பார், தமிழும் படிப்பார். “டிவிக்காரன் மாத்திட்டான் தம்பி. மூலத்தப் படிக்காதவன் பேசவே கூடாது” என்று அவர் சொன்னால் கோப்பிக் கடையே அடங்கும். இந்த வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். துப்பறியும் கதையில் முதல் அத்தியாயத்தில் சுவரில் மாட்டிய துப்பாக்கி இது.

*

இப்போது கருப்பர் எங்கே இருக்கிறார் என்று சொல்கிறேன். பி பிளாக் மாடிப்படிக்கு அடியில், தண்ணீர் மீட்டர்களுக்குப் பக்கத்தில்.

தோட்டம் கைமாறி லயங்களை இடித்தபோது, ஆலமரத்தடியில் இருந்தவரை நான்கு பேர் லாரியில் ஏற்றினார்கள். ஏற்றும்போதே குதிரையின் முன்னங்கால் ஒன்று உடைந்தது. சிமெண்டுக் குதிரை, பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்து வளர்த்த குதிரை. இங்கே கொண்டுவந்து வைத்த ஒரு வாரத்தில் குடியிருப்பு நிர்வாகத்திடமிருந்து ஒரு நோட்டீஸ். பொது இடத்தில் பொருள் வைக்கக்கூடாது. கெஞ்சினோம். சரி, இருக்கட்டும், ஆனால் அரிவாள் கூடாது, பிள்ளைகள் விளையாடுகிற இடம் என்றார்கள். நியாயந்தானே! தகர அரிவாளைக் கழற்றிக் கொடுத்துவிட்டோம்.

போய்ப் பாருங்கள். மீசை இருக்கிறது, முழித்த கண் இருக்கிறது, மூன்று கால் குதிரை இருக்கிறது. ஓங்கிய கை இருக்கிறது; கையில் ஒன்றும் இல்லை. ரந்தாவ் பஸ்ஸை நிறுத்தக் கைகாட்டிக்கொண்டு நிற்பவர் மாதிரி இருக்கிறார். பஸ்ஸும் நிற்பதாயில்லை.

நாவலின் பெயர் ‘விட்டுவிடு கருப்பா’. தொலைக்காட்சிக்கு வந்தபோது ‘விடாது கருப்பு’. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ஓடிய பதிப்புக்கு நான் வைக்கும் பெயர் ‘விட்டுவிட்ட கருப்பு’. லயத்தை இடித்தவனை விட்டார், சுடுகாட்டின் மேல் தார் ஊற்றியவனை விட்டார், ஆற்றைச் சாக்கடையாக்கியவனை விட்டார். ஒரு ராத்திரியாவது ஒருவன் வீட்டு வாசலில் குளம்புச் சத்தம் கேட்டதா? அவருக்கே ஒரு கால் குறைகிறது, எப்படிக் கேட்கும்?

*

கருமாதிச் சண்டை ஓய்ந்து, எல்லாரும் கீழே கோப்பிக் கடைக்கு வந்து தே தாரிக் சொன்ன பிறகு, நான் ஒரு யோசனை சொன்னேன். இவ்வளவு துப்பறியும் மூளை இருக்கிறதே, நம் ஊர்க் கதைகளையே தொடராக எடுக்கச் சொல்லி யாரிடமாவது கொடுத்தால் என்ன? நான்கு கதை சொன்னேன். நான்கையும் எங்கள் விமர்சகர்கள் எப்படிக் கிழித்தார்கள் என்பதைத் தமிழுலகம் அறியவேண்டும்.

முதல் கதைக்குத் தூரம் போகவேண்டாம், புக்கிட் பெலாண்டோக். 1998-லும் 1999-லும் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் காய்ச்சல் கண்டு, நினைவு தப்பி, வரிசையாகச் செத்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். கொசுதான் குற்றவாளி என்றார்கள். கொசுவைப் பிடிக்கப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அந்தக் காய்ச்சல் வழக்கமாகச் சிறுபிள்ளைகளைத்தானே பிடிக்கும், இங்கே ஏன் பண்ணையில் வேலை செய்யும் ஆம்பளைகளாகப் பார்த்துச் சாகிறார்கள் என்ற கேள்வி வெகுநாள் காத்துக்கிடந்தது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் நோயாளியின் உடலிலிருந்து புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் வந்த கிருமி. சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 265 பேரைப் பிடித்து 105 பேரைக் கொன்றது. பத்து லட்சம் பன்றிகளை அழித்தார்கள். பொய்க் குற்றவாளி, தப்பான கைது, ஆய்வுக்கூடத்தில் விடிய விடியத் துப்பறிதல். இதைவிட ஒரு குற்றத் தொடருக்கு என்ன வேண்டும்?

“வில்லன் வௌவாலா?” என்றார் லாரி அண்ணன். “ஜனங்க ஒத்துக்கமாட்டாங்க. கருப்பு மாதிரி ஒரு ‘இது’ இல்லையே.”

உலகத்து மருத்துவப் புத்தகங்களில் எல்லாம் எங்கள் ஊர்ப் பெயர் ஒன்று ஏறியிருக்கிறது. அது ஒரு கிருமியின் பெயர். அதிலும் ஒரு ‘இது’ இல்லையாம்.

இரண்டாவது, பங்கு மர்மம். 1982-இல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சி (மஇகா) ‘மைக்கா ஹோல்டிங்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. இந்தியர்கள் எல்லாரும் பங்கு வாங்குங்கள், நாமும் பொருளாதாரத்தில் தலைநிமிர்வோம் என்றார்கள். பெரும்பாலும் தோட்டத்து ஏழைகளாக, சுமார் 66,000 பேர் பணம் போட்டார்கள். தாலியை அடகு வைத்துப் போட்டவர்களும் உண்டு. சேர்ந்த தொகை சுமார் பத்தரைக் கோடி வெள்ளி. 1990-இல் டெலிகாம் பங்குச் சந்தைக்கு வந்தபோது, இந்தியச் சமூகத்துக்கென்று நிதியமைச்சு ஒரு கோடிப் பங்குகளை மைக்காவுக்கு ஒதுக்கியது. மைக்காவுக்கு வந்து சேர்ந்தது பத்து லட்சம். மீதித் தொண்ணூறு லட்சம் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது. மைக்காவால் அவ்வளவு வாங்க முடியாது என்று கட்சித் தலைமை விளக்கம் சொன்னது. ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது. குற்றவாளிக் கூண்டில் ஒருவரும் நிற்கவில்லை. 2010-இல் பங்குகளைத் திருப்பி வாங்க ஒரு தனியார் நிறுவனம் முன்வந்தது. ஒரு வெள்ளிப் பங்குக்கு எண்பது காசு. இருபத்தெட்டு வருடம் காத்திருந்ததற்கு இருபது காசு அபராதம்.

“முடிவு சப்புன்னு இருக்கே” என்றார் ஒருவர். “யாருன்னு கடைசிவரைக்கும் காட்டலையே. டைரக்டர் சொதப்பிட்டான்.”

தொடரில் மட்டும் ஒரு கொலை முடிச்சு அவிழாமல் போயிருந்தால், சன் டிவிக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதியிருப்பார்கள்.

மூன்றாவது கதைக்கு நாவலே தயாராக இருக்கிறது, அதுவும் மலேசியத் தமிழர் எழுதியது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’. 1942-லும் 1943-லும் ஜப்பான்காரன் பான்போங்கிலிருந்து தான்பியூசயாட்வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டான். நம் தோட்டங்களிலிருந்து தமிழர்களை, நல்ல சம்பளம் என்று ஏமாற்றியும் ரோட்டில் பிடித்தும் சரக்கு வண்டியில் ஏற்றினான். பல்லாயிரம் பேர் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தார்கள். வெள்ளைக்காரக் கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறை, ஒவ்வொன்றிலும் பெயர், புல்வெட்ட ஆள். நம் ஆட்களுக்குக் காடு. ஹாலிவுட் ஒரு பாலத்தைக் கட்டி, ஏழு ஆஸ்கார் வாங்கி, தமிழனைப் படத்தில் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டது. குற்றம் இருக்கிறது, பிணம் இருக்கிறது, மூலநூல்கூட இருக்கிறது.

“நாவலா? நான் படிக்கலையே” என்றார் மூலம் மாமா.

“எல்லாம் ஒரே மாதிரி சாவு மாமா, சஸ்பென்ஸ் இருக்காது” என்று இளைஞன் ஒருவன் அவரைக் காப்பாற்றினான். அவனுடைய கொள்ளுத்தாத்தா அந்த ரயிலுக்குப் போனவர். திரும்பி வரவில்லை. அது அவனுக்கு சஸ்பென்ஸாகப் படவில்லை.

நான்காவது கதையை மெதுவாகச் சொன்னேன். தம்பின் காவல் நிலைய லாக்கப், 2013 ஜூன். பொறியாளராக வேலை பார்த்த ஒரு தமிழர், உள்ளே போகும்போது நடந்து போனவர், பிணமாக வெளியே வந்தார். உடம்பில் 49 காயங்கள். சிரம்பானில் மரண விசாரணை நடந்தது. அதே வருடம் ஆகஸ்டில் உள்துறை அமைச்சு வேறொரு 49-ஐ வெளியிட்டது: நாட்டிலுள்ள 49 கும்பல்களின் பட்டியல். நாற்பதாயிரம் உறுப்பினர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள் என்றார்கள். தோட்டத்திலிருந்து துரத்தியவர்களின் பிள்ளைகள் பட்டணத்து ஓரத்தில் என்னவாக வளர்வார்கள் என்று எதிர்பார்த்தீர்கள் என யாரும் அமைச்சைக் கேட்கவில்லை. இரண்டு 49-இல் எது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது என்று நான் மேசையைக் கேட்டேன். இரண்டாவதை மேசையில் எல்லாரும் சொன்னார்கள். கும்பல்களின் எண்பெயர்களைக்கூடச் சொன்னார்கள், நாலு, எட்டு, முப்பத்தாறு என்று. முதல் 49 ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

போலீசார் மீதான புகார்களை விசாரிக்கச் சுதந்திரமான ஓர் ஆணையம் வேண்டுமென்று அரச விசாரணை ஆணையம் 2005-இல் சொன்னது. மொத்தம் 125 பரிந்துரைகளில் அது ஒன்று. பதினெட்டு வருடம் கர்ப்பத்தில் இருந்து 2023 ஜூலையில் ஒரு குழந்தை பிறந்தது. விசாரிக்கலாம், தண்டிக்க முடியாது. அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் எங்கள் பி பிளாக் மாடிப்படிக்கு அடியில் வந்து பார்க்கலாம். அதே ஓங்கிய கை. அதே வெறுங்கை.

இந்தக் கதைக்கு யாரும் விமர்சனம் சொல்லவில்லை. லாரி அண்ணன் மட்டும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “மெல்லப் பேசுங்க தம்பி, நமக்கெதுக்கு வம்பு” என்றார். ஒரு கிராமத்தையே குலைநடுங்க வைத்த கொலைகாரனை மூன்றாவது வாரத்திலேயே கண்டுபிடித்த வீரர் அவர்.

*

நாவலாசிரியர் ஒருவனுக்குள் இரண்டு ஆள் என்று எழுதினார். எவ்வளவு சிக்கனம்! எங்கள் அடுக்குமாடியில் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் அப்படித்தான்.

டிவிக்கு முன்னால் உட்காருகிறவன் ஒருவன். அவன் சிஐடி. கதவு திறந்த சத்தத்தை வைத்தே யார் வந்தது என்பான். “அவன் பொய் சொல்றான், கையப் பாரு” என்பான். போன வாரம் நீலச்சட்டை, இந்த வாரம் எப்படிப் பச்சைச்சட்டை என்று தொடர்ச்சிப் பிழை பிடிப்பான்.

மறுநாள் காலை அரசாங்க அலுவலகக் கவுண்டருக்கு முன்னால் நிற்பவன் இன்னொருவன். அம்மாவின் சிவப்பு அட்டைக்குப் பதிலாகக் குடியுரிமைக்கான நீல அட்டை கேட்டு முப்பது வருடமாக நிற்கிறான். “சரி துவான், வரேன் துவான்” என்பான். போன தடவை கேட்ட பத்திரம் வேறு, இந்தத் தடவை கேட்கும் பத்திரம் வேறு. அந்தத் தொடர்ச்சிப் பிழை அவன் கண்ணில் படாது. கவுண்டருக்கு உள்ளே இருப்பவனின் கையை அவன் பார்ப்பதே இல்லை. தன் கையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பான், கட்டிக்கொண்டு.

இந்த இரண்டு ஆளும் ஒருவரை ஒருவர் சந்தித்ததில்லை. சந்தித்துவிடாமல் பார்த்துக்கொள்ள ராத்திரி ஏழு மணியிலிருந்து பதினொரு மணிவரை ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. கோபத்தை இறக்கிவைக்க ஓர் இடம், சந்தேகத்தை மேயவிட ஓர் இடம். மாதக் கட்டணம் தனி. முன்பெல்லாம் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்திருந்தார்கள்; சாயந்தரம் குடித்துவிட்டுத் தொரையைத் திட்டுவோம், காலையில் பெரட்டுக்குப் போய் நிற்போம். இப்போது கள்ளு இல்லை. வெள்ளைக் குதிரை இருக்கிறது.

நாவலைக் குறை சொல்லவில்லை. தொடரையும் குறை சொல்லவில்லை. நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள், நானும் இரண்டு தடவை பார்த்தேன். கும்பிடுவதை நிறுத்திவிட்டு யார் செய்தது என்று கேள் என்றுதான் அந்தக் கதை சொன்னது. நாம் எடுத்துக்கொண்டது குதிரையை மட்டும்.

*

கருமாதி முடிந்த மூன்றாம் நாள், செத்தவர் வீட்டு அத்தை என்னைக் கூப்பிட்டார். “இந்த டின்னுல காயிதமா இருக்கு. எது வேணும் எது வேணாம்னு பாத்துச் சொல்லுப்பா.” பழைய பிஸ்கட் டின். சிவப்பு அட்டை, கிளினிக் அட்டை, அடகுக் கடை ரசீது, பால் எடை எழுதிய நோட்டு. அடியில் மடித்து மடித்துக் கிழியப்போகிற நிலையில் மலாயில் தட்டச்சு செய்த இரண்டு பக்கம். தோட்டம் கைமாறியபோது எல்லாரும் ஒப்பமிட்டுக் கொடுத்த கடிதம்.

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கோயில் திடலில் லாரியின் பின்பலகையை இறக்கி மேடையாக்கியிருந்தார்கள். தலைவர் ஒருவர் வந்தார். “ஆளுக்கொரு வீடு! நஷ்டஈடு கையில! நம்ம கோயிலுக்குத் தனி நிலம்!” என்றார். கைதட்டினோம். மூலம் மாமா பக்கத்தில் மேசை போட்டு, “எல்லாம் தலைவர் சொன்னதுதான் இருக்கு, வைங்க வைங்க” என்று ஒவ்வொருவர் விரலையும் பிடித்து மையில் தோய்த்தார். நாற்பது வீட்டு ஆட்களும் அரை மணியில் வேலையை முடித்துவிட்டோம். அன்றைக்குக் கேசட்டில் புதுப் பாகம் வந்திருந்தது.

கடிதத்தைக் கோப்பிக் கடைக்கு எடுத்துப்போனேன். எல்லாரும் இருந்தார்கள். அடுத்து ‘சொர்ண ரேகை’யை ஆரம்பத்திலிருந்து பார்ப்பதா வேண்டாமா என்று விவாதம். மேசையில் விரித்து, வரிவரியாகத் தமிழில் சொன்னேன்.

‘ஆளுக்கொரு வீடு’ என்பது அதில் இல்லை. மலிவுவிலை வீடு வாங்க ‘விண்ணப்பிக்க முன்னுரிமை’ என்று இருந்தது. வாங்கினோம், வங்கிக்கு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

‘நஷ்டஈடு’ என்பது அதில் இல்லை. ‘பாயாரான் இக்சான்’ என்று இருந்தது. இக்சான் என்றால் கருணை. வேலை நீக்கச் சலுகைகளுக்கான 1980-ஆம் வருட விதிகளின்படி, ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு இருபது நாள் சம்பளம். முப்பது வருடம் வேலை செய்தவருக்கு அறுநூறு நாள் சம்பளம். அது உரிமை, கணக்குப் போட்டுக் கேட்டு வாங்கலாம். கருணைக்குக் கணக்கு ஏது? கொடுத்ததைக் கும்பிட்டு வாங்கலாம். வாங்கினோம். கடைசி வரியில், இனி இது சம்பந்தமாக எந்தக் கோரிக்கையும் எழுப்பமாட்டேன் என்று நாமே சொல்லியிருந்தோம்.

“இதுல கருப்பர் எங்க வராரு?” என்றார் லாரி அண்ணன். பழக்க தோஷம்.

வருகிறார். இரண்டாம் பக்கம், நான்காவது பத்தி. வீடுகளும் ‘மற்றக் கட்டுமானங்களும்’ அகற்றப்படும் என்று இருந்தது. கருப்பர்தான் மற்றக் கட்டுமானங்கள்.

மேசையில் யாரும் பேசவில்லை. மூலம் மாமா கண்ணாடியை எடுத்து மாட்டினார். கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து, முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தார். நாவலை நாலு தடவை படித்தவர் இதை இப்போதுதான் முதல் தடவையாகப் படிக்கிறார் என்பது அவர் விரல் போன வேகத்திலேயே தெரிந்தது. படித்து முடித்து, “மூலத்துல...” என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை. தே தாரிக்கில் ஆடை படிந்துவிட்டது.

நான் காகிதத்தைத் திருப்பி வாங்கி மடிக்கும்போதுதான் கவனித்தேன். கீழே வலது மூலையில் ஊதா மையில் ஒரு கட்டைவிரல். இத்தனை வருடம் டின்னுக்குள் கிடந்தும் ஒரு ரேகை கலையவில்லை. பால் கத்தி பிடித்துக் காய்த்த இடத்தில் மட்டும் மை ஒட்டாமல் வெள்ளையாக ஒரு கோடு.

துப்பறியும் கதைகளில் கைரேகை கிடைத்துவிட்டால் கொலைகாரன் சிக்கினான் என்று அர்த்தம். இந்த வழக்கில் கிடைத்த ஒரே கைரேகை செத்தவருடையது.